சுடாத கை

நானும் என் புருஷன் லீவனும் ஃப்ளிஸிங்கன் துறைமுகச் சந்தையில் களிம்பு விற்பவர்கள். ஊர் எங்களைக் ‘குவாக்சால்வர்’ என்னும். களிம்பைக் கூவி விற்பவன் என்று பொருள். சொல்கிறவன் வாயில் கேட்டால் வசவு. கோட்டைக் காவலுக்கு வந்த ஆங்கிலேயச் சிப்பாய்கள் அந்தச் சொல்லைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். தங்கள் ஊருக்கும் கொண்டுபோயிருப்பார்கள். போகட்டும்.

களிம்பு காய்ச்சுவது நான். பன்றிக்கொழுப்பு, தேன்மெழுகு, வாசனைக்குக் கொஞ்சம் தைலம், அவ்வளவுதான். மேடையில் லீவன், ‘இதைப் பூசினா நெருப்பும் சுடாது’ என்று கூவிக்கொண்டே அதை என் இடக்கையில் பூசுவான். நான் மெழுகுவர்த்திச் சுடரில் கையைக் காட்டிச் சட்டென்று எடுத்துவிடுவேன். முகத்தில் அவசரம் தெரியக் கூடாது.

அந்தச் செவ்வாய்க்கிழமை, முன்னால் நின்ற மீன்காரி மூக்கைப் பொத்தியபோதுதான் குனிந்து பார்த்தேன். என் விரல் தீய்ந்துகொண்டிருந்தது. கூட்டம் வாயைப் பிளந்தது. ஒரு டப்பி மிச்சமில்லாமல் விற்றது.

“கலக்கிட்டடி பீட்டர்னல்!” என்றான் லீவன், மேடைக்குப் பின்னால் வந்ததும். “முகத்துல ஒரு சுளிப்பு இல்லையே! எங்கடி கத்துக்கிட்ட?”

“நடிக்கலய்யா. சுடவே இல்ல. ஒரு மாசமா ஊசி குத்தினாக்கூடத் தெரியல.”

அவன் சிரிப்பு நின்றது. மரத்துப்போன கைக்கு என்ன பெயர் என்று எங்களுக்குத் தெரியும். ஹார்லம் நகரத்துக்கு அனுப்பிச் சோதிப்பார்கள். தொழுநோய்தான் என்றால் பிச்சையெடுக்க ஒரு சீட்டும், சத்தம் எழுப்பி ஆட்களை விலக்க ஒரு மரக்கிலுக்கும் கொடுப்பார்கள். அப்புறம் வீடு கிடையாது, புருஷன் கிடையாது. இவன் என்னை வைத்துக்கொள்வானா என்று பார்த்துக்கொண்டு நின்றேன். நியாயமாக நான் பயந்திருக்க வேண்டும். பயம்கூட வரவில்லை.

அவன் பானையின் அடியை வழித்தான்.

“கையைக் குடு.”

“இது பன்னிக்கொழுப்புய்யா.”

“தெரியும். பேசாம இரு.”

விரல் விரலாகப் பூசினான். பத்து வருஷத்தில் மேடைக்கு வெளியே அவன் அதை யாருக்கும் பூசியதில்லை. காய்ச்சியவள் நான், எனக்கே ஒரு நிமிஷம் நம்பிக்கை வந்துவிட்டது. அதை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

“யாருகிட்டயும் மூச்சு விடாத,” என்றான். “வியாழக்கிழமை மிடில்பர்க் சந்தை. அங்க இன்னும் கொஞ்ச நேரம் நெருப்புல வெச்சிரு.”

பிறகு எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, வினிகர் ஜாடியைச் சாய்த்து முழங்கை வரை கழுவினான். இரண்டு தடவை.