சிவப்பு இல்லாத வட்டம்

என் விமானத்தின் மூக்கில் சந்தனத்தால் மூன்று பட்டை போட்டிருந்தார்கள். நடுவில் குங்குமம்.

ஆயுத பூஜை அன்று மதியம் அதைப் பார்த்தேன். வேங்கிக்காலில் நான் வேலை செய்யும் இ-சேவை மையத்திலும் அன்று பூஜை. கம்ப்யூட்டருக்கும் பிரின்டருக்கும் பொட்டு வைத்து, ஆளுக்கொரு பொரிகடலைப் பொட்டலம் கொடுத்து அனுப்பினார்கள். அந்தப் பொட்டலத்தைக்கூடக் கீழே வைக்காமல் எங்கள் வீட்டுக் கூடத்தில் நின்றேன்.

சரஸ்வதி படத்துக்கு முன்னால் பலகை போட்டு எல்லாவற்றையும் அடுக்கியிருந்தார்கள். அப்பாவின் ஸ்பேனர்கள், ஜாக்கி, எங்கள் இரண்டு டூரிஸ்ட் வேன்களின் சாவிகள், தம்பி ஆதவனின் லேப்டாப், அம்மாவின் அரிவாள்மனை. ஒரு டம்ளரில் என் பிரஷ்களும் இடுக்கியும் கத்தியும். வரிசைக்கு நடுவில், வாழையிலை மேல், என் ஹரிகேன்.

ஹரிகேன் என்பது இரண்டாம் உலகப் போரில் பறந்த சண்டை விமானம். பர்மா போர்முனையில் அதை நம் நாட்டு விமானிகளும் ஓட்டினார்கள். நான் செய்தது நிஜ விமானத்தில் நாற்பத்தெட்டில் ஒரு பங்கு. சிறகின் நீளம் பள்ளிக்கூட ஸ்கேலை விடக் குறைவு. பிளாஸ்டிக் பாகங்கள் பெட்டியில் வரும். வெட்டி ஒட்டினால் விமானத்தின் உருவம் வந்துவிடும். ஆனால் உருவம் வந்த பிறகுதான் வேலையே ஆரம்பிக்கிறது.

விமானியின் இருக்கைக்கு மாஸ்கிங் டேப்பில் பெல்ட் வெட்டினேன். பக்கிளுக்கு ஒயருக்குள் இருக்கும் செம்புக் கம்பியில் ஓர் இழை. ஒவ்வொரு மீட்டரின் மேலும் கண்ணாடிக்குப் பதிலாக நெயில் பாலிஷ் ஒரு துளி. புகைக்குழாய்க்குப் பின்னால் பென்சில் கரியைத் தேய்த்துப் புகை படிந்த மாதிரி செய்தேன். விமானி ஏறும் பக்கத்தில் மட்டும் பெயின்டைக் கொஞ்சம் உரித்தேன். செருப்புக்கால் படும் இடத்தில் எங்கள் வேன் படிக்கட்டும் அப்படித்தான் உரிந்திருக்கும்.

எல்லாவற்றையும் விட அதிக நாள் எடுத்தது சிறகில் இருக்கும் வட்டங்கள். இங்கிலாந்தில் பறந்த ஹரிகேனில் நீலம், வெள்ளை, நடுவில் சிவப்பு. பர்மாவில் சிவப்பை எடுத்துவிட்டார்கள். ஜப்பான் விமானத்தின் அடையாளம் சிவப்பு வட்டம். தூரத்தில் சிவப்பைப் பார்த்தால் சொந்த ஆட்களே சுட்டுவிடும் அபாயம் இருந்தது. அதனால் வெளியே கருநீலம், உள்ளே வெளிர்நீலம், அவ்வளவுதான். அந்த வெளிர்நீலம் சரியாக வரும்வரை கலந்து கலந்து கொட்டினேன். ஒரு பொட்டுகூடச் சிவப்பு இருக்கக்கூடாது என்பதுதான் அந்த விமானத்தைப் பற்றி முதலில் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம்.

இரண்டு சிறகிலும், வட்டத்துக்குச் சரியாக நடுவில், கட்டைவிரல் அளவுக்குக் குங்குமம் வைத்திருந்தார்கள்.

"யார் எடுத்தது?" என்றேன்.

"நான்தான்டி." அம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "எல்லா வண்டியும் வெக்கணும்னாரு உங்கப்பா. இதுவும் வண்டிதானே? உன் அலமாரியில தூங்கினு இருந்துது. எவ்ளோ அம்சமா இருக்குது பாரு."

வாசலில் மாவிலை கட்டிக்கொண்டிருந்த வேடியப்பன் அண்ணன் உள்ளே வந்தார். அப்பாவின் பழைய வேனை நான் பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து ஓட்டுகிறவர்.

"பாப்பா, திருஷ்டியும் கழிச்சுட்டேன். சின்ன வண்டிதானேன்னு உட்டுடல. பிஞ்சு எலுமிச்சம்பழமா பாத்து சக்கரத்துக்கு அடியில வெச்சு ஏத்தினேன். ஆனா ஒரு சக்கரம் சரியில்ல பாப்பா. லேசா அமுக்கினதுக்கே மடங்கிடுச்சு."

குனிந்து பார்த்தேன். இடது சக்கரத்தின் கால் ஒடிந்து, விமானம் ஒரு சிறகை இலையில் ஊன்றிச் சாய்ந்திருந்தது. வயிற்றுப் பக்கம் எலுமிச்சைச் சாறு.

"அது தீக்குச்சிய விட மெல்லிசுண்ணா."

"அப்டியா? ஃபெவிக்விக் ஒரு சொட்டு உட்டா நின்னுடும்."

ஞாயிற்றுக்கிழமை சென்னையில் மாடல் செய்கிறவர்களுக்கான போட்டி. முதன்முதலாக என் பெயரைக் கொடுத்திருந்தேன். அதுவரை நான் செய்ததை அலமாரிக்கு வெளியே யாருக்கும் காட்டியதில்லை. கடைசியாக வார்னிஷ் ஒரு பூச்சு மட்டும் பாக்கி. அன்று சாயங்காலம் அடிப்பதாக இருந்தேன்.

அப்பா போனைப் பார்த்துக்கொண்டே மாடியிலிருந்து இறங்கினார். "பாத்தியா? குரூப்ல போட்டேன். எல்லாப் பயலும் கை தட்றான்."

போனை என் பக்கம் திருப்பினார். திருவண்ணாமலை வேன் ஓட்டுநர்கள் குரூப். பட்டையும் பொட்டும் மல்லிகைச் சரமுமாக என் ஹரிகேன். கீழே, 'நம்ம வீட்டு பிளேன். ஆயுத பூஜை நல்வாழ்த்துகள். ராஜேந்திரன் டிராவல்ஸ்.' ஊர் முதன்முதலாக என் விமானத்தைப் பார்த்தது எதிரி விமானமாகத்தான். செய்தது யார் என்று ஒரு வார்த்தை இல்லை.

"சகாதேவன் சாரே நேர்ல பாக்கணும்னுட்டாரு. சாயந்தரம் வராரு," என்றார் அப்பா. சகாதேவன் ஆசிரமத்துப் பக்கம் லாட்ஜ் நடத்துகிறார். அங்கே தங்குகிறவர்கள் எங்காவது போக வேண்டுமென்றால் அப்பாவின் வேனைத்தான் கூப்பிடுவார்.

"என்னைக் கேக்காம ஏன் எடுத்தீங்க?" என் குரல் எனக்கே கீச்சென்று கேட்டது. வீட்டில் நான் கேள்வி கேட்டுப் பழக்கமில்லை.

"இன்னாத்த கேக்கறது? சாமிக்கு வெக்கறதுக்குக் கேக்கணுமா? நான் இன்னா ஜாக்கியக் கேட்டுட்டா வெச்சேன்?"

வேடியப்பன் அண்ணன் சிரித்தார். அப்பாவும் சிரித்தார்.

"ஜாக்கி உங்களுது. இது என்னுது."

"வூட்ல உன்னுது என்னுதுன்னு இன்னா பேச்சு இது?"

"ஆதவன் லேப்டாப்ப எடுக்கறப்போ அவனக் கேட்டீங்களா?"

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா கரண்டியைப் பார்த்தாள். "அது... உள்ள ஏதோ ப்ராஜெக்ட் வெச்சிருக்கான். எடுத்தா ஆஃப் ஆயிடுமோன்னு ஒரு வார்த்த கேட்டேன்."

"நான் கெளம்பறப்போ அவன் தூங்கினு இருந்தானே?"

"எழுப்பித்தான் கேட்டேன்."

தூங்குகிறவனை எழுப்பிக் கேட்டிருக்கிறார்கள். எனக்குப் போன் செய்ய யாருக்கும் தோன்றவில்லை. பொரிகடலைப் பொட்டலம் என் கைக்குள் நசுங்கிக்கொண்டிருந்தது.

"அது படிப்பு சம்பந்தப்பட்டதும்மா," என்றார் அப்பா. "இது பொம்மை. பொம்மைக்குப் போயி இவ்ளோ கோவமா?"

"பொம்மைன்னா எதுக்குப் பொட்டு வெச்சீங்க? வண்டின்னு சொல்லித்தானே வெச்சீங்க. வண்டின்னா அதோட ஆளக் கேட்டிருக்கணும். பொம்மைன்னா அலமாரியிலேயே உட்டிருக்கணும். ரெண்டுல ஒண்ணு சொல்லுங்கப்பா."

நான் பொட்டலத்தைத் தரையில் வைத்துவிட்டுப் பலகை முன்னால் உட்கார்ந்தேன்.

"ஏய், தொடாத!" அம்மா கரண்டியோடு ஓடிவந்தாள். "மறுபூஜை ஆகல. நாளைக்குக் காலையில கற்பூரம் காட்டினாத்தான் எடுக்கணும். இன்னிக்கி எடுத்தா குத்தம்டி."

இதெல்லாம் எனக்கும் தெரியும். சின்ன வயதில், பாடப் புத்தகத்தைத் தொட வேண்டாம் என்பதற்காகவே இந்த நாளுக்குக் காத்திருந்தவள் நான். பூஜையில் வைத்தது ஒரு ராத்திரி ஓய்வெடுக்க வேண்டும். ஸ்பேனர் ஓய்வெடுக்கட்டும். ஆனால் வார்னிஷ் பூசாத மேட் பெயின்ட் ஓய்வெடுக்காது. வழவழப்பாக இருந்தால் துடைத்துவிடலாம். மேட் என்றால் கண்ணுக்குத் தெரியாத மேடுபள்ளம். ஒளி அதில் சிதறுவதால்தான் அது மங்கலாகத் தெரிகிறது. ஈரச் சந்தனத்தின் மேல் வைத்த குங்குமம் அந்தப் பள்ளங்களுக்குள்தான் இறங்கும். விடிவதற்குள் காய்ந்து நிறம் பிடித்துவிடும். அப்புறம் சென்னைக்கு எதை எடுத்துப் போவது?

"நாளைக்கு வரைக்கும் தாங்காதும்மா."

"தாங்கலன்னா போவட்டும்," என்றார் அப்பா. இப்போது அவர் சிரிக்கவில்லை. "சகாதேவன் சாரு வந்து பாக்கற வரைக்கும் அது அங்கதான் இருக்கும். மறுபூஜைக்கு முன்னாடி கைய வெச்ச, ஞாயித்துக்கிழமை என் வண்டி எதுவும் உன்ன ஏத்தினு சென்னைக்குப் போவாது."

"பஸ்ல போறேன்."

"பிளேன எடுத்துனு பஸ்லயா?" வேடியப்பன் அண்ணனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்பாவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

மல்லிகைச் சரத்தை விமானத்தின் மேலிருந்து எடுத்து இலையில் வைத்தேன். இரண்டு கைகளாலும் விமானத்தைத் தூக்கினேன். ஒடிந்த சக்கரம் இலையிலேயே கிடந்தது, அதையும் எடுத்தேன். பிறகு பிரஷ் டம்ளரை எடுத்தேன். "சரஸ்வதி பூஜையன்னிக்கு இப்படியா" என்று அம்மா சொல்லிக்கொண்டிருந்தாள். என் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினேன். தாழ்ப்பாள் போடவில்லை. அந்தக் கதவில் தாழ்ப்பாளே கிடையாது.

காய்ந்திருந்த மூக்குச் சந்தனம் தட்டினதும் செதில் செதிலாக வந்தது. இடது சிறகில் ஈரப் பஞ்சை ஒற்றி ஒற்றி எடுத்தேன். கொஞ்சம் கொஞ்சமாக நீலம் தெரிந்தது. வலது சிறகில் சிவப்புப் போய் ரோஸ் நின்றது. விமானத்தின் வயிற்றில் ஒட்டியிருந்த எலுமிச்சைச் சாற்றை ஒரு சொட்டு ஒற்றி வைத்துப் பார்த்தேன். மஞ்சளில் செய்த அசல் குங்குமமாக இருந்தால் புளிப்புப் பட்டதும் மஞ்சளாக மாறி இருக்கும். இது மாறவில்லை. கடையில் பாக்கெட்டில் விற்கிற வெறும் சாயம். என் விமானத்தைக் கெடுத்தது குங்குமமாகக்கூட இல்லை என்று நினைத்தபோது கோபம் இன்னொரு படி ஏறியது.

துடைத்துப் பயனில்லை. வலது வட்டத்தை நைசான உப்புத்தாளால் தேய்த்து எடுத்தேன். அத்தனை நாள் வேலை, சாம்பல் நிறத் தூளாக மேஜையில் விழுந்தது. டேப்பில் மறுபடி வட்டம் வெட்டி ஒட்டினேன். நீலத்தை மறுபடி கலந்தேன். இந்தத் தடவை சீக்கிரம் வந்தது, அதற்காக யாருக்கும் நன்றி சொல்லத் தோன்றவில்லை. சக்கரக் காலின் இரண்டு பக்கத்திலும் துளை போட்டு, குண்டூசித் துண்டைச் செருகி ஒட்டினேன்.

அம்மா கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள். கையில் தட்டு. "வடை ஆறுது."

"வெச்சுட்டுப் போ."

போகவில்லை. "அப்பா மூஞ்சத் தூக்கி வெச்சினு இருக்காரு. போய் ஒரு வார்த்த சொல்லிடேன்."

"என்ன வார்த்த?"

"தெரியாம எடுத்துட்டேன்னு."

"தெரிஞ்சுதான் எடுத்தேன்."

அம்மா சிறகைக் குனிந்து பார்த்தாள். "செவப்பு எடுப்பாத்தான்டி இருந்துது. இது என்னமோ அழுதாப்ல இருக்குது."

"செவப்பு ஜப்பான்காரன் அடையாளம்மா. அதப் பாத்தா நம்ம ஆளே சுட்டுடுவான்."

"இப்ப எவன்டி சுடப் போறான்?"

"ஞாயித்துக்கிழமை ஜட்ஜு சுடுவாரு."

அம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. எனக்கு வரவில்லை. "உன்ன யாராவது கேட்டாங்களா, அரிவாள்மனைய எடுக்கறப்போ?" என்றேன்.

"அத நான்தானே எடுத்து வெச்சேன்."

"அதத்தான் சொல்றேன். உன்னுத நீ வெச்ச."

அம்மா தட்டைக் கட்டில் மேல் வைத்துவிட்டுப் போனாள். போகும்போது கதவைச் சாத்தினாள். வழக்கமாகச் சாத்த மாட்டாள்.

வெயில் இறங்கும் நேரத்தில் வாசலில் கார் வந்து நின்றது. சகாதேவன் சாரின் குரல் உள்ளே வரை கேட்டது. "எங்கப்பா அந்த ஏரோபிளேன்? பேரப் புள்ளைங்கள வேற கூட்டினு வந்துட்டேன்." அப்பா என்னவோ சொல்லிச் சமாளித்தார். பொரி, சுண்டல் என்று பேச்சு ஓடியது. வேடியப்பன் அண்ணன் பூசணிக்காய் உடைக்கும் சத்தம் கேட்டது.

அப்போது நான் வலது வட்டத்தின் இரண்டாவது பூச்சை முடித்து டேப்பை உரித்துக்கொண்டிருந்தேன். விளிம்பு சுத்தமாக வந்திருந்தது. வெளியே கருநீலம், உள்ளே வெளிர்நீலம். மூச்சுக் காற்றுகூடப் படக்கூடாது என்று தள்ளி உட்கார்ந்தேன்.

கதவைத் தட்டும் சத்தம் கேட்டது.

எங்கள் வீட்டில் யாரும் கதவைத் தட்ட மாட்டார்கள். திறந்துகொண்டு வருவார்கள். நான் எழுந்து திறந்தேன். அப்பா நின்றார். நெற்றியில் குங்குமம் வியர்வையில் வழிந்து மூக்குவரை வந்திருந்தது. என்னைப் பார்க்காமல், எனக்குப் பின்னால் மேஜையைப் பார்த்தார்.

"சகாதேவன் சாரு வந்துருக்காரு."

"தெரியும்."

"பசங்க வேற வந்துருக்குதுங்க." கதவு நிலையைக் கையால் தடவினார். "ரெண்டு நிமிஷம் எடுத்துனு போய்க் காட்டட்டுமா? பொட்டு கிட்டு ஒண்ணும் வெக்க மாட்டேன்."

கேட்டுவிட்டார். சரி என்று சொல்ல வாய் தன்னால் திறந்தது. இருபத்து மூன்று வருடத்துப் பழக்கம். ஆனால் மதியம் நடந்தது அப்படியேதான் இருந்தது. வலது சிறகில் பெயின்ட் ஈரமாகத்தான் இருந்தது.

"வேணாம்ப்பா. காயல."

"எப்போ காயும்?"

"காலையில."

அவர் முகம் கறுத்தது. இன்னும் ஏதோ சொல்வார் என்று கதவைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். அவர் திரும்பி நடந்தார். நான் கதவைச் சாத்திவிட்டு அங்கேயே நின்றேன். கூடத்தில் பேச்சு நின்றது. பிறகு அப்பாவின் குரல், கொஞ்சம் கரகரப்பாக.

"இன்னிக்கி காட்ட மாட்டாளாம் சார். அவதான் செஞ்சா, எம் பொண்ணு ரேணு. பெயின்ட் காயலையாம்."