முயலின் காலில் பச்சைத் துணி

"அந்தப் பையை என்கிட்ட குடுத்துட்டு உள்ள போ," என்றான் அண்ணன். "பாட்டில்ல துணி கட்டலைன்னு ஒரு வார்த்தை சொல்லு. மிச்சத்தை வக்கீல் பாத்துப்பார்."

"கட்டியிருந்துதேண்ணே."

"உன் புருஷனைக் கொத்திக்கிட்டுப் போனவ. பிள்ளையையும் முழுங்கிட்டா. அவளுக்கு நீ வக்காலத்தா?"

நீதிமன்றத் தாழ்வாரத்தில் ஆள் நடமாட்டம் அதிகம். இஸ்திரிக்காரி பையை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

அவளும், அவள் புருஷனைக் கூட்டிக்கொண்டு போய் இன்று குற்றவாளிக் கூண்டில் நிற்கும் நெட்டையும் ஒரே சலவைக்கூடத்தில் வேலை பார்த்தவர்கள். வெளுக்கிற மருந்தைத் தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வீட்டுக்கு எடுத்துப் போவது அங்கே எல்லாரிடமும் இருந்த கெட்ட பழக்கம். தெரியாமல் யாரும் குடித்துவிடக் கூடாதென்று பாட்டில் கழுத்தில் ஆளுக்கொரு நிறத்தில் துணிக்கிழிசல் கட்டுவார்கள். நெட்டையுடையது பச்சை. அப்பாவைப் பார்க்க நெட்டை வீட்டுக்குப் போன இஸ்திரிக்காரியின் ஐந்து வயதுப் பையன் குடித்த பாட்டிலில் கிழிசல் இல்லை. வேண்டுமென்றே கட்டாமல் வைத்தாள், கொல்லத்தான் வைத்தாள் என்பது அரசுத் தரப்பு வழக்கு.

ஆஸ்பத்திரியில் பையனுடைய சாமான்களைப் போட்டுக் கொடுத்த பையைத் திறக்க இத்தனை நாளும் அவளுக்கு மனசு வரவில்லை. இன்று காலையில்தான் கடவுளை நினைத்துக்கொண்டு திறந்தாள். சட்டைக்கு அடியில் அவனுடைய துணி முயல் இருந்தது. அதன் காலில் ஒரு பச்சைக் கிழிசல், மருந்து பட்டு அங்கங்கே வெளுத்துப்போய். பையனுக்கு டாக்டர் விளையாட்டு என்றால் உயிர். யாருக்காவது கட்டுப் போட்டுக்கொண்டே இருப்பான்.

முயலுக்கு ஒரு கண் விழுந்துபோய் வெகுகாலம். இப்போது அங்கே ஒரு பொத்தான் இருந்தது. அவள் தைத்ததல்ல.

சாட்சிக் கூண்டில் ஏறியதும் அரசு வக்கீல் இதமாகவே கேட்டார். "பாட்டில்ல அடையாளத் துணி இல்லை. அப்படித்தானேம்மா?"

"இருந்துச்சுங்க ஐயா. என் பையன் அவுத்துட்டான்."

வக்கீல் நிமிர்ந்தார். "போலீஸ்ல இப்படிச் சொல்லலையே."

"அப்ப தெரியாது. இன்னிக்குத்தான் தெரிஞ்சுது." முயலை எடுத்துக் கூண்டின் விளிம்பில் வைத்தாள். "பச்சை அவளோடது. வெளுத்திருக்கு பாருங்க, மருந்து பட்டது."

"யாராவது மிரட்டினாங்களா? பணம் கிணம்?"

"மிரட்டினது எங்க அண்ணன்தான். அது வேற மாதிரி பேசச் சொல்லி."

பின்வரிசையில் யாரோ சிரித்து, சிரிப்பை விழுங்கினார்கள். அண்ணன் எழுந்து வெளியே போனான்.

"இவங்களைப் பிறழ் சாட்சியா அறிவிக்கணும்," என்றார் வக்கீல், நீதிபதியிடம். பிறகு அவள் பக்கம் திரும்பினார். "செத்தது உங்க பிள்ளை. ஞாபகம் இருக்கா?"

"நீங்க ஞாபகப்படுத்த வேண்டாங்க ஐயா." குரல் உயரவில்லை. "குழந்தை கைக்கு எட்டுற இடத்துல வச்சா பாருங்க, அது அவ தப்பு. அதுக்கு என்ன தண்டனையோ குடுங்க. நான் அவளை மன்னிக்கலை. மன்னிப்பேனான்னும் தெரியாது. ஆனா கொல்ல நினைச்சவ, அவன் முயலுக்குக் கண்ணு தச்சுக் குடுத்திருக்க மாட்டா. என் பிள்ளை பேரைச் சொல்லி பொய் சொல்ல மாட்டேன். என்ன வேணா அறிவிச்சுக்குங்க."

எதிர்க் கூண்டில் நெட்டை முகத்தைப் பொத்திக்கொண்டாள். அவளுடைய ரவிக்கையில் ஒரு பொத்தான் இல்லை. அந்த இடத்தில் ஊக்கு குத்தியிருந்தது. இஸ்திரிக்காரி அதைப் பார்த்தாள், முகத்தைப் பார்க்கவில்லை.

நீதிபதி முயலைக் கேட்டார். அதை வாங்கிய குமாஸ்தா, கிழிசலைத் தனியாகக் காட்டலாமென்று முடிச்சில் நகத்தை வைத்தார்.

"அவுக்காதீங்க," என்றாள். "அது அவன் போட்ட முடிச்சு."

குமாஸ்தா கையை எடுத்துவிட்டு நீதிபதியைப் பார்த்தார். நீதிபதி குனிந்து முடிச்சைப் பார்த்தார்.

"அப்படியே இருக்கட்டும்," என்றார் பிறகு. "கட்டோட சேத்து சான்றுப் பொருளா குறிச்சுக்குங்க."