ஞோமியை யாரும் சுட முடியாது

வீடியோ கேம் கம்பெனியில் பெயர் வைப்பவராக இருந்தவர், விளையாட்டில் வரும் ஒரு நீலத் தாதுக்கல்லுக்குக் ‘கும்ளி’ என்று பெயர் கொடுத்த வாரமே, அது அவர் வீட்டு அடுப்புக்கு மேலே, எண்ணெய்ப் பிசுக்குப் படிந்த சுவரில் முளைத்தது. ஈரம் கசிகிறதென்று மனைவி கொத்தனாரைக் கூப்பிட்டாள். அவர் தட்டிப் பார்த்துவிட்டு, இது தன் வேலை இல்லை என்று உளியைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். கம்பெனியில் கூட வேலை செய்தவர்கள் வாயில் நுழையாத எழுத்துகளைக் கலந்துகட்டிப் பெயர் வைத்தார்கள். இவரோ மண்டை காய்ந்துபோன ஒரு நாளில், மூன்று வயதில் காய்ச்சலில் போய்ச் சேர்ந்த மகளின் மழலையிலிருந்து அந்தச் சொல்லை எடுத்திருந்தார். வெறும் அடுப்புச் சுவரைக் காட்டி அவள் ‘கும்ளி’ என்பாள். கட்டிலடியில் குனிந்து ‘தத்தூரு’ என்று யாரையோ கூப்பிடுவாள். அதை ஓர் ஆறுகால் விலங்குக்கு வைத்தார். அது வந்து கட்டிலடியில் சுருண்டு படுத்தது. எங்கெங்கோ இருந்து சோதனைப் பதிப்பை ஆடுபவர்கள் அதைச் சுடும்போதெல்லாம் முனகியது. மனைவி மருந்து போட்டாள்.

மிச்சம் இருந்தது ஒரே சொல். தன் பெயரைச் சொல்ல வராத மகள், பீரோ கண்ணாடி முன்னால் நின்று தன்னையே ‘ஞோமி’ என்று கூப்பிட்டுக்கொள்வாள்.

“அதையும் வச்சிடுங்க. அவ வந்துடுவா.”

“வந்தா அவளையும் சுடுவாங்கடி.”

மனைவி அதற்குப் பிறகு அவரோடு பேசவில்லை. அவருக்குச் சோறு இறங்கவில்லை. கடைசிக் கட்டத்து அரக்கனுக்குப் பெயர் கேட்டு மேனேஜர் உயிரை எடுத்துக்கொண்டிருந்தார். அரக்கனுக்கு வாய்க்கு வந்த ஒன்றை வைத்துவிட்டு, படம் வரையும் பெண்ணிடம் கெஞ்சிக் கூத்தாடி, காட்டோரம் நிற்கும் சின்ன உயிர் ஒன்றைச் சேர்க்கவைத்து, அதற்கு ‘ஞோமி’ என்று பெயர் வைத்தார். எந்தக் குண்டும் அதன்மேல் படாது.

“இது எதுக்கு சார்?”

“சும்மா நிக்கட்டும்மா.”

விளையாட்டு வெளியான மாலை, மகள் கண்ணாடி முன்னால் நின்றாள். காட்டோரத்து உயிரைப் போலவே அவளும் பேசவில்லை, வளரவில்லை. தூக்கினால் கனமே இல்லை. ஒரு தரமாவது அம்மா என்பாளா என்று மனைவி வருஷக்கணக்கில் காத்திருந்து, அழுது, பிறகு அதையும் விட்டுவிட்டாள். ஒன்றுக்கும் உதவாத உயிர் என்று ஆடுபவர்கள் சலித்துக்கொண்டதால், ஒவ்வொரு புதுப் பதிப்பிலும் கம்பெனி அதை எடுத்துவிடப் பார்த்தது. ஒவ்வொரு முறையும் அவர் போய் மல்லுக்கு நின்றார். ஓய்வு வயது தாண்டியும் வேலையை விடாதவரைப் பேராசைக்காரர் என்றார்கள்.

இன்று காலையும் அவர் ஷூ மாட்டிக்கொண்டிருந்தார். மனைவி கண்ணாடி முன்னால் மகளுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள்.

“சீக்கிரம் கெளம்புங்க,” என்றாள். “இன்னிக்கு புதுப் பதிப்பு மீட்டிங்னு சொன்னீங்களே.”