ஏழாம் நம்பர் எந்திரம்

டெட்ராய்ட்டில் எங்கள் ஆலையில் ஒரு வழக்கம் இருந்தது. எந்திரம் ஏதாவது ஆபத்தாகிவிட்டால் சங்கப் பிரதிநிதி தன் தொப்பியைக் கழற்றுவான். யாரும் கத்த மாட்டார்கள். வரிசை முழுக்கக் கைகள் நின்றுவிடும். போர் வந்ததும் எங்கள் சங்கமே, சண்டை முடியும்வரை வேலைநிறுத்தம் கிடையாது என்று அரசுக்கு வாக்குக் கொடுத்தது. எங்கள் வரிசைக்கு நான்தான் பிரதிநிதி; அதன்பின் வேலை நேரத்தில் நான் தொப்பியைத் தொட்டதில்லை. நெற்றி வியர்வையைக்கூட வழிய விட்டேன்.

நாற்பத்து மூன்று செப்டம்பரில், தகடு அழுத்தும் ஏழாம் நம்பர் எந்திரத்தின் பிரேக் நழுவ ஆரம்பித்தது. அதில் டாங்கித் தகடு அடித்தவன் டெல்மர் ஸ்டில்ட்னர், கென்டக்கி மலைக்காரன்.

“வில்பர், பெடல தொடாமலே எறங்குதுப்பா இது. தொப்பியக் கழட்டு.”

“மனு எழுதிட்டேன். வாஷிங்டனுக்குப் போயிருக்கு.”

“பதில் வர்றதுக்குள்ள ஹிட்லரே கெழவனாகிச் செத்துருவான். தொப்பிய என்ன, ஆணி அடிச்சா வச்சிருக்க?”

பக்கத்திலிருந்தவர்கள் சிரித்தார்கள். நான் அசையவில்லை. டெல்மர் வேலைக்குத் திரும்பினான்.

வியாழக்கிழமை அது தானாக இறங்கியது. அவன் குனிந்திருந்தான்.

பிரேக்கில் ஒரு திருகை மட்டும் இறுக்கினார்கள். அவனைப் புதைத்து மூன்று வாரம் கழித்து அதே எந்திரத்தில் வேலை செய்ய அவன் மனைவி ஓர்ஃபா வந்தாள். அவனுடைய வேலைச் சட்டையைத்தான் கை மடித்துப் போட்டிருந்தாள்.

“நீங்கதான வில்பர்? அவரு உங்களப் பத்திச் சொல்லிருக்காரு.”

என்ன சொன்னான் என்று நான் கேட்கவில்லை.

“இத சரி பண்ணிட்டாங்களா?”

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். “இல்லம்மா” என்றேன்.

பெடலிலிருந்து காலை எடுத்தாள். கையுறைகளைக் கழற்றித் தகட்டின்மேல் வைத்தாள். அடுத்த எந்திரம் நின்றது. பிறகு அதற்கடுத்தது.

கம்பெனி ஆட்களுக்கு முன்னால் ஓடி வந்தவர் எங்கள் சங்கத் தலைவர் ரூடி மாஹர்தான்.

“அங்க சண்டைல பசங்க செத்துக்கிட்டிருக்கானுங்க, இங்க கையக் கட்டிக்கிட்டு நிக்கிறீங்களா? யாரு ஆரம்பிச்சது? வில்பர், நீயா? வாயத் தெறந்து சொல்லேன்யா!”

“நான்தான்,” என்றாள் ஓர்ஃபா. “அந்த ஆளு பாவம், ஒண்ணும் பண்ணல.”

வரிசை முழுக்க என்னைப் பார்த்தது. நான் என் பூட்ஸைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மறுநாள் ஐந்து பேரை வேலையிலிருந்து நீக்கினார்கள். சங்கமும் சம்மதித்திருந்தது. பட்டியலில் முதல் பெயர் ஓர்ஃபா. என் பெயர் இல்லை.

திங்கட்கிழமை ஏழாம் எந்திரத்துக்குப் புது ஆள் வந்தான். எல்லோரிடமும் பேசினான். என்னிடம் மட்டும் எதுவும் கேட்கவில்லை. யாரோ சொல்லி வைத்திருக்க வேண்டும்.