தெரு பார்க்காத செருப்பு

டிரில் மெஷினுக்கு இரண்டு பிடி உண்டு. ஒன்று விசை இருக்கும் பின்பிடி. இன்னொன்று பக்கவாட்டில் முறுக்கி மாட்டுகிற சைடு ஹேண்டில். அந்த இரண்டாவதைப் பெட்டியிலேயே விட்டுவிட்டுச் சுவரைத் துளைக்கக் கிளம்புகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பத்தொன்பது வருடமாகத் திருவனந்தபுரத்தில் எலக்ட்ரிகல் வேலை பார்க்கிறேன். மெஷினால் அடிபட்ட எத்தனையோ பேரைப் பார்த்தாயிற்று. அவர்களில் விவரம் தெரியாதவர்கள் கொஞ்சம் பேர்தான். மற்றவர்கள் எல்லாம் சொன்னதைக் கேட்காதவர்கள்.

கரமனை அக்ரஹாரத்து ஸ்ரீகண்டன் சார் இந்த இரண்டாவது கூட்டம். தலைமைச் செயலகத்தில் செக்‌ஷன் ஆபீசராக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பது வருடம் மற்றவர்கள் எழுதிய ஃபைலில் தப்புக் கண்டுபிடித்த மனிதர், தன் வேலையில் ஒருத்தன் தப்புச் சொன்னால் தாங்கமாட்டார். போன ஜூலையில் ஒரு வெள்ளிக்கிழமை காலை, அவர் மனைவி சீதாலக்ஷ்மி மாமி எனக்குப் போன் செய்தார்.

"ஜெபசிங், கொஞ்சம் வர முடியுமா? பூஜை ரூம் சுவத்துல மர மண்டபம் மாட்டணும்னு மாமா ஆன்லைன்ல டிரில் மெஷின் வரவழைச்சிருக்கார். தானே துளைக்கப் போறாராம். நேக்குப் பேடியா, பயமா இருக்கு."

"அதுக்கென்ன மாமி, நான் வந்து போட்டுத் தாரேன்."

மாமி குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அது... மடி, ஆச்சாரம் பாக்கற ரூமாக்கும். உங்களை உள்ள விடமாட்டார். வெளியில நின்னு சொல்லிக் கொடுத்தாப் போறும்ங்கறார்."

எனக்குக் கோபம் உச்சந்தலைவரை ஏறியது. என் கை உள்ளே போகக்கூடாது, என் மூளை மட்டும் போகலாமாம். வேறு வேலை இருக்கிறது என்று போனை வைத்திருப்பேன். ஆனால் மாமி பயந்த குரலில் சொன்னார்: "நீங்க பக்கத்துல நின்னா நேக்கு ஒரு தைரியம்." போனேன்.

வாசலில் தெருச் செருப்பைக் கழற்றிவிட்டுப் பையிலிருந்து வேலைச் செருப்பை எடுத்தேன். கனமான ரப்பர். வேலை நடக்கும் இடத்தில் மட்டும் போடுவது, தெருவைப் பார்த்ததே இல்லை. அதைப் போட்டுக்கொண்டு கூடத்தில் கால் வைத்ததும் ஸ்ரீகண்டன் சார் ஆரம்பித்தார்.

"எந்தாடா இது? ஆத்துக்குள்ள செருப்பா?"

"கரண்டு வேலை சாரே. ரப்பர் இல்லாம நான் மெஷின் பக்கத்துல நிக்கமாட்டேன். சாரும் ஒண்ணு போடணும்."

"பூஜை ரூம்ல செருப்புப் போடச் சொல்றயா? நல்ல ஆளு! அந்த நடையோட நின்னுக்கோ, இந்தண்ட வரப்படாது."

நான் நின்ற கதவுப்படியிலிருந்து பூஜை அறை முழுக்கத் தெரிந்தது. மனிதர் அப்போதுதான் குளித்திருக்கிறார். நான்கு நாளாக மழை, மடித் துணி எதுவும் காயவில்லை. அதனால் பிழிந்த ஈர வேஷ்டியையே கட்டிக்கொண்டு நின்றார். காலில் ஒன்றும் இல்லை. கருங்கல் தரை கழுவிவிட்டதில் நனைந்து கிடந்தது. மாமியும் ஈரப் புடவையோடு, கையில் ஒரு பித்தளைத் தாம்பாளத்தை வைத்துக்கொண்டு நின்றார். துளைக்கும்போது தூசி சாமி மேல் விழக்கூடாதாம். சுவரை ஒட்டிப் பிடிக்க வேண்டுமாம்.

ஈர வேஷ்டி, ஈரத் தரை, வெறுங்கால், பித்தளைத் தட்டு. ஷாக் அடிப்பதற்கு ஒருவன் உட்கார்ந்து யோசித்துத் திட்டம் போட்டால்கூட இவ்வளவு பொருத்தமாக வராது.

"சாரே, காய்ஞ்ச துணி மாத்திட்டு வாங்க. தரையைத் துடைங்க. மாமி வெளிய வரட்டும். தூசிக்கு ஒரு பேப்பரை மடக்கிச் சுவத்துல டேப் போட்டு ஒட்டினாப் போதும்."

"பத்தரைக்கு ராகுகாலம். இப்பவே மணி பத்தாச்சு. நீ மெஷினைப் பத்தி மட்டும் சொல்லு."

"சரி, மெஷினைப் பத்தியே சொல்லுதேன். சைடு ஹேண்டில் எங்க?"

பெட்டியைக் காலால் காட்டினார். ஹேண்டில் பிளாஸ்டிக் கவரைவிட்டு வெளியே வரவில்லை. அதோடு மாட்டுகிற அளவுக் கம்பியும் அதிலேயே கிடந்தது. துளை இவ்வளவு ஆழம் போனால் போதும் என்று நிறுத்துவது அந்தக் கம்பிதான். மெஷினில் துளைக்க மாட்டியிருந்த பிட்டோ எட்டங்குலம். மண்டபம் பலமாக நிற்க வேண்டுமாம். சுவரே ஒன்பதங்குலம்.

அந்தச் சுவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரே வீட்டை இரண்டாகப் பங்கு வைத்தபோது நடுவில் எழுப்பிய வெட்டுகல் சுவர் அது. அந்தப் பக்கப் பாதியை நாகர்கோவில்காரர் தாணுமாலயன் வாங்கினார். அதிலிருந்து ஸ்ரீகண்டன் சாருக்கும் அவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. இரண்டு வருடத்துக்கு முன்னால் தாணுமாலயன் அண்ணாச்சி வீட்டில் டி.வி. பாயிண்டை இடம் மாற்றியது நான்தான். அதே சுவரில், அந்தப் பக்கமாக. வயரை நேராக மேலே கொண்டுபோய், நேராகப் பக்கத்தில் திருப்ப வேண்டும் என்பது முறை. அன்றைக்கு அண்ணாச்சி அவசரப்படுத்தினார் என்று நான் குறுக்காக இழுத்துப் பூசிவிட்டேன். அதனால் வயர் எந்த உயரத்தில் ஓடுகிறது என்று என்னாலேயே சொல்ல முடியவில்லை. அந்தத் தப்பு முழுக்க என்னுடையது. அந்த வெள்ளிக்கிழமைக் கோபத்தில் பாதி என் மேலேயே.

"சாரே, இந்தச் சுவத்துக்குள்ள அண்ணாச்சி வீட்டு லைன் ஓடுது. நான் போட்டது. குறுக்கா போகுது. அவருகிட்டச் சொல்லி மெயின் ஆஃப் பண்ணாம தொடக்கூடாது."

"அந்தாளண்ட நான் போய்க் கேக்கணுமோ?"

"நீங்க கேக்கண்டாம். நான் கேக்கேன்."

போன் செய்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஓடிப்போய் எட்டிப் பார்த்தேன், கதவில் பூட்டு. திரும்பி வந்து இன்னும் இரண்டு தடவை அடித்தேன். எடுக்கவில்லை.

"பத்து நிமிஷம் பொறுங்க சாரே, வந்துருவாரு."

"நீ என்னத்துக்கு இப்படி பயமுறுத்தறே? பூஜை ரூம் லைனை ஆஃப் பண்ணியாச்சு. போன மாசம்தான் புது ஈ.எல்.சி.பி. வச்சிருக்கேன். ஷாக் அடிச்சா அது தானே கட்டாயிடும்."

"அது உங்க வீட்டுக் கரண்டை மட்டும்தான் கட் பண்ணும். அடுத்த வீட்டுக் கரண்டு அடிச்சா அதுக்கு என்ன தெரியும்? அண்ணாச்சி வீட்டுல அதுவும் கிடையாது." என் குரல் உயர்ந்துவிட்டது. "சொன்னா மனசிலாகாதா உங்களுக்கு?"

"சத்தம் போடாதே. ஆத்துக்குள்ள நின்னுண்டு."

மாமி என்னைப் பார்த்தார். நான் மாமியைப் பார்த்தேன். "மாமி, நீங்களாவது வெளிய வாங்க" என்றேன். மாமி ஒரு அடி எடுத்து வைத்தார். "சீதா, தாம்பாளத்தைப் பிடி" என்றார் அவர். மாமி நின்றுவிட்டார். நாற்பது வருடப் பழக்கம், கால் தானாக நின்றது.

அந்த நேரத்தில் எக்ஸ்டென்ஷன் போர்டிலிருந்து பிளக்கைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டு நான் நடந்திருக்க வேண்டும். போர்டு கூடத்தில் என் காலடியிலேயே இருந்தது. ஏன் செய்யவில்லை என்று இன்றைக்கும் என்னையே திட்டிக்கொள்கிறேன். அடுத்தவர் வீடு, அடுத்தவர் மெஷின் என்று ஒரு பாழாய்ப்போன மரியாதை.

முதல் துளை வெண்ணெயில் போவதுபோலப் போனது. வெட்டுகல் அப்படித்தான், மிருதுவான செம்பாறைக் கல். அவர் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். இரண்டாவதும் போனது. மூன்றாவதில் பிட் எதிலோ சிக்கியது. பிட் நின்றால் மெஷின் சுற்றும். விசையை விட்டால் நிற்க வேண்டும், ஆனால் விரல் வலிக்கிறது என்று லாக் பொத்தானை அமுக்கி வைத்திருந்தார். மெஷின் அவர் மணிக்கட்டைத் திருகிவிட்டது. "ஐயோ" என்று கத்தி எப்படியோ நிறுத்தினார்.

"இப்பமாவது அந்த ஹேண்டிலை மாட்டுங்க!" என்று கத்தினேன்.

"இனி ஒண்ணே ஒண்ணுதான்" என்றார். மணி பத்து இருபத்திரண்டு.

நான்காவது துளைக்கு மெஷின் திரும்பாமல் இருக்க இடது கையால் அதன் கழுத்தைச் சுற்றிப் பிடித்தார். பின்பிடி பிளாஸ்டிக். கழுத்து வெறும் உலோகம். "அங்க பிடிக்காதீங்க!" என்று நான் சொல்லி முடிப்பதற்குள் விசையை அமுக்கிவிட்டார். பிட் ஆறங்குலம் போயிற்று, ஏழு போயிற்று. நிறுத்துவதற்கு அளவுக் கம்பி இல்லை.

படக்கென்று ஒரு சத்தம். அவர் உடம்பு விறைத்தது. தோள் இரண்டும் காதுவரை ஏறி நடுங்கின. வாயிலிருந்து ஒரு முனகல் மட்டும் வந்தது.

நான் பிளக்கைப் பிடுங்கினேன். மெஷின் நின்றது. அவர் நடுக்கம் நிற்கவில்லை. கரண்டு மெஷினிலிருந்து வரவில்லை, சுவரிலிருந்து வருகிறது. நான் குறுக்காக இழுத்த வயரிலிருந்து, பிட் வழியாக, அந்தக் கழுத்து வழியாக. இந்த வீட்டில் எந்தச் சுவிட்சைப் போட்டு அணைத்தாலும் அது நிற்காது.

"அய்யோ, ஏன்னா!" தாம்பாளம் கீழே விழுந்து உருண்டது. மாமி இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு அவரைப் பிடிக்கப் போனார். ஈரப் புடவை, ஈரக் கை.

"தொடாதிய மாமி! தொட்டா நீங்களும் செத்துப் போவிய!"

அப்படி நான் எந்தப் பெண்ணையும் பார்த்துக் கத்தியதில்லை. மாமியின் கை அவர் முதுகுக்கு ஒரு சாண் தூரத்தில் நின்றது.

நான் நடையைத் தாண்டி உள்ளே போனேன். கதவோரம் பூஜைக்கு உட்காரும் மணை சாத்தியிருந்தது, காய்ந்த பலா மரம். அதை இரண்டு கையாலும் எடுத்து அவர் இடது கைமேல் ஓங்கி அடித்தேன். விடவில்லை. இன்னொரு அடி. கை விட்டது. மனிதர் பின்னால் சாய்ந்து தரையில் விழுந்தார். மெஷின் சுவரிலேயே தொங்கியது.

"மெஷின் பக்கம் போகாதிய, அதுல இன்னும் கரண்டு இருக்கு" என்று மாமியிடம் சொல்லிவிட்டு அவரைத் தூரமாக இழுத்துப் போட்டேன். மூச்சு இருந்தது. நாடி ஓடியது. உள்ளங்கையில் காசு அளவுக்குக் கருகியிருந்தது.

சட்டைப் பையில் போன் அடித்தது. தாணுமாலயன் அண்ணாச்சி.

"என்னடே ஜெபசிங்கு, மூணு மிஸ்டு காலு? மீன் வாங்கப் போயிருந்தேன். இப்பந்தான் வீட்டைத் தொறக்கேன்."

"அண்ணாச்சி, ஒண்ணும் கேக்காதிய. முதல்ல மெயினை ஆஃப் பண்ணுங்க."

ஆஃப் பண்ணினார். டெஸ்டர் வைத்துப் பார்த்துவிட்டு மெஷினை உருவினேன். பிட் நுனியில் சிவப்பு வயர்த்தோல் ஒட்டிக்கொண்டு வந்தது. கீழே பரவிக் கிடந்த தூசியிலும் செப்புத் துணுக்குகள் மின்னின. மாமி அதைப் பார்த்தார்.

ஸ்ரீகண்டன் சார் கண்ணைத் திறந்தார். மேலே விட்டத்தைப் பார்த்தார், மாமியைப் பார்த்தார், பிறகு என் காலைப் பார்த்தார். உதடு அசைந்தது. தண்ணீர் கேட்கிறார் என்றுதான் நினைத்தேன்.

"செருப்பு..." என்றார். "பூஜை ரூமுக்குள்ள... செருப்போட..."

எனக்குக் கையிலிருந்த மெஷினை அவர் முன்னால் போட்டு உடைக்க வேண்டும்போல இருந்தது. சாவின் வாயிலிருந்து இழுத்துப் போட்டவனிடம் மனிதன் பேசும் முதல் பேச்சா இது? கேட்டே விடுவது என்று வாயைத் திறந்தேன். மாமி முந்திக்கொண்டார். அந்தக் குரலை நான் அதுவரை கேட்டதில்லை, சாரும் கேட்டிருக்கமாட்டார்.

"ஆமா. செருப்போடதான் வந்தார். நீங்க போட்டுண்டிருந்தா அவர் வந்திருக்கவே வேண்டாம்."

மாமி சாரின் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார், ஆனால் முகத்தைப் பார்க்கவில்லை.

"ஷாக் அடிச்சா இதயம் அப்புறமும் சதி பண்ணும் மாமி. ஆஸ்பத்திரில ஈ.சி.ஜி. எடுத்தே ஆகணும். ஆட்டோ கூட்டிட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டுத் தெருவுக்கு ஓடினேன். மழை மறுபடி பிடித்துக்கொண்டது. பாதித் தெரு போன பிறகுதான் பார்த்தேன், காலில் அந்த வேலைச் செருப்பே கிடந்தது. திரும்பிப் போய் மாற்றவில்லை.