ஆதரவு பெற்ற மாணவி

பூச்சியியல் துறையில் மெடலைத் தெரியாதவர் கிடையாது. பட்டமளிப்பு விழாவில் வாங்கிய பதக்கத்தைச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு நெடுநாள் திரிந்ததால் ஒட்டிக்கொண்ட பெயர் அது. முனைவர் பட்ட ஆய்வை முடிக்கும் தறுவாயில் இருந்தான். அவன் எழுதும் கட்டுரைகளில் வழிகாட்டும் பேராசிரியரின் பெயரும் வரும். அந்தக் கட்டுரைகளைக் காட்டித்தான் துறைக்கு நிதி வரும். நிதி வந்தால் துறைத்தலைவரின் அறைக்குப் புதிய ஏசி வரும். ஆகவே மெடல் தங்கமான பையன் என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

அவள் அதே ஆய்வகத்தில், அதே பேராசிரியரிடம் இரண்டாம் ஆண்டு ஆய்வு மாணவி. வீட்டுக்குச் சின்னவள். அந்துப்பூச்சிகளின் சிறகு நரம்புகளை மைக்ராஸ்கோப்பில் பார்த்து வரைவது அவள் வேலை. ஒரு நாள் மதியம், ஓய்வுபெறும் எழுத்தருக்குக் கூடத்தில் பிரிவு உபசாரம் நடந்துகொண்டிருந்தது. அவள் பூச்சிப் பெட்டிகள் அடுக்கிய அறையில் தனியாக இருந்தாள். மெடல் உள்ளே வந்து கதவைச் சாத்தினான். அவள் வேண்டாம் என்றாள். திரும்பத் திரும்பக் கத்திச் சொன்னாள். கூடத்திலிருந்து கைதட்டல் கேட்டது. அவன் போன பிறகு, நாப்தலின் வாடைக்கு நடுவே தரையில் உட்கார்ந்து, அக்காவுக்கு போன் செய்தாள்.

அக்கா டிரைவிங் ஸ்கூல் நடத்துபவள். பதற்றத்தில் இருப்பவர்களின் பக்கத்து இருக்கையில் பதறாமல் உட்காருவது அவள் தொழில். எதுவும் கேட்காமல் வந்தாள், காரில் ஏற்றினாள், நேராக மருத்துவமனைக்குப் போனாள். மருத்துவர் பரிசோதித்து எல்லாவற்றையும் எழுதி வைத்தார். அன்று மாலை அம்மாவுக்கு போனில் சொன்னது அக்காதான். அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அவ தலைய யாராவது வாரி விட்டீங்களா?" என்று கேட்டாள்.

மறுநாள் மாணவர் நல அலுவலகத்துக்குப் போனார்கள். 'நீங்கள் தனியாக இல்லை' என்று கதவில் பெரிய எழுத்தில் ஒட்டியிருந்தது. கதவு பூட்டியிருந்தது. அலுவலர் வரும்வரை அந்த வாசகத்துக்குக் கீழே இருவரும் நின்றார்கள்.

நல அலுவலர் அன்பான பெண்மணி. அன்பு அவருடைய மேசை மேலேயே ஒரு டிஷ்யூ பெட்டியாக இருந்தது. அதை முன்னால் தள்ளி வைத்துவிட்டு ஆரம்பித்தார்.

"முதல்ல ஒண்ணு சொல்லிடுறேம்மா. நாங்க உங்கள முழுசா நம்புறோம்."

"நான் இன்னும் எதுவும் சொல்லலியே மேடம்."

"அதான். சொல்றதுக்கு முன்னாடியே நம்புறோம்."

அவள் சொன்னாள். அலுவலர் கண்களை மூடிக் கேட்டார்.

"இப்படி நடந்ததா நீங்க ஃபீல் பண்றீங்க."

"ஃபீல் பண்ணல மேடம். நடந்துச்சு."

"கண்டிப்பா. உங்க ஃபீலிங்க நாங்க மதிக்கிறோம்."

பல்கலைக்கழகத்தின் விசாரணை முடியும்வரை போலீஸுக்குப் போவது முறையல்ல என்றும் சொன்னார். வெளியே வரும்போது, பல்கலைக்கழகச் சின்னம் பொறித்த ஒரு விசிலும் மூச்சுப் பயிற்சி பற்றிய ஒரு சிறு புத்தகமும் கொடுத்தார்.

"விசில் எதுக்கு?" என்றாள் அக்கா.

"ஏதாவது ஆபத்து வந்தா ஊதறதுக்கு."

"அது வந்துட்டுப் போயிடுச்சே மேடம்."

அலுவலர் அதற்கும் பரிவோடு தலையாட்டினார்.

புகார் மேலே போகத் தொடங்கியது. நல அலுவலகத்தில் அதற்குச் 'சம்பவம்' என்று பெயர். துறைக்கு வந்தபோது 'பிரச்சினை' ஆனது. துணைவேந்தர் அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது 'மனக்கசப்பு' ஆகியிருந்தது. கட்டடத்துக்கு இன்னொரு மாடி இருந்திருந்தால் 'நட்பு' என்றே ஆகியிருக்கும்.

துறைத்தலைவர் அவளை அழைத்து ஒரு ஏற்பாட்டைச் சொன்னார். இருவரையும் ஒரே ஆய்வகத்தில் வைக்க முடியாது. அவள் பாதுகாப்பு முக்கியம். ஆகவே அவள் கீழ்த்தளத்து ஸ்டோர் ரூமுக்குப் போக வேண்டும்.

"ஏன் சார், அவரு போகக் கூடாதா?"

"அவன் முக்கியமான கட்டத்துல இருக்கான்மா. இப்ப டிஸ்டர்ப் பண்ணா அவன் வாழ்க்கையே போயிடும்."

"என்னுது?"

"உனக்கு இன்னும் நெறைய டைம் இருக்கு."

கீழ்த்தளத்தில் உடைந்த நாற்காலிகளும் பழைய விடைத்தாள் மூட்டைகளும் இருந்தன. சுவருக்கு அந்தப் பக்கம் ஜெனரேட்டர். அது ஓடும்போதெல்லாம் மேசை நடுங்கும். மைக்ராஸ்கோப்பில் வைத்த சிறகு, செத்த பூச்சிக்கு உயிர் வந்ததுபோல் துடிக்கும். மெடலுக்கு அதே பழைய ஜன்னலோர இடம். அவன் செல்லக்கூடிய இடங்களுக்கு அவள் போகக் கூடாது என்பதும் ஏற்பாட்டில் சேர்த்தி. அதனால் கேன்டீன், நூலகம், மாடிப்படி என்று எங்கு போவதற்கு முன்பும் அவன் எங்கே இருக்கிறான் என்று விசாரித்துக்கொண்டாள். தன்னை நாசம் செய்தவனின் நடமாட்டத்தை அவன் தாயைவிட அக்கறையாகத் தெரிந்துவைத்திருக்க வேண்டியிருந்தது.

விசாரணைக் குழு அமைந்தது. தலைவராக வந்தவர் மெடலின் பேராசிரியரோடு சேர்ந்து புத்தகம் எழுதியவர். நடுநிலைக்கு அவரைவிடப் பொருத்தமானவர் கிடைக்கவில்லையாம். ஒருவர் வெளிநாடு போனார், ஒருவருக்கு முதுகு பிடித்துக்கொண்டது, கூட்டம் தள்ளிப்போனது. ஒருவழியாகக் கூடிய அன்று தலைவர் கேட்டார்.

"நீங்க ஏன் சத்தம் போடலை?"

"போட்டேன் சார். கூடத்துல எல்லாரும் கை தட்டிட்டு இருந்தீங்க."

பிரிவு உபசாரத்தில் வாழ்த்துரை வழங்கியவர் அவர்தான். அடுத்த கூட்டத்தின் தேதி பின்னர் தெரிவிக்கப்படும் என்றார்.

அவள் தூங்குவதை விட்டிருந்தாள். கதவு சாத்தும் ஓசை கேட்டால் கை விறைத்துப்போகும். அந்தக் கையோடு சிறகு வரைய முடியவில்லை. மனநல ஆலோசகரைப் பார்க்க விண்ணப்பித்திருந்தாள். மொத்தப் பல்கலைக்கழகத்துக்கும் ஒரே ஒருவர்தான் என்பதால் முறை வரப் பருவமே மாறிவிட்டது. ஆலோசகர் களைத்துப்போன நடுத்தர வயதுக்காரி. டிஷ்யூ பெட்டி எதுவும் இல்லை. கடைசிவரை குறுக்கிடாமல் கேட்டார். பிறகு கேட்டார்:

"போலீஸ்ல சொன்னீங்களா?"

"இங்க முடியறவரைக்கும் போகக் கூடாதுன்னாங்க."

"அப்படி ஒரு சட்டமும் இல்ல. இது வேற, அது வேற. ஆஸ்பத்திரியில எழுதி வச்சது இருக்கில்ல, அதோட போங்க." கொஞ்சம் தயங்கி, "நான் சொன்னேன்னு சொல்லிக்க வேணாம்" என்றார். அவள் கதவருகே போனபோது கூப்பிட்டார். "இல்ல, பரவாயில்ல. கேட்டா சொல்லுங்க."

அந்த வாரமே அக்காவும் அவளும் காவல் நிலையம் போய்ப் புகார் கொடுத்தார்கள். எழுதி முடிக்க அன்றைய பகல் முழுக்க ஆனது. பல்கலைக்கழகத்தில் யாருக்கும் தெரியாது. அவள் எப்படி இருக்கிறாள் என்று யாரும் கேட்டிருந்தால்தானே தெரிந்திருக்கும்.

அப்படி இருக்க, திடீரென்று நல அலுவலரே போனில் வந்தார். தரம் நிர்ணயிக்கும் குழு வருகிறதாம். பாதிக்கப்பட்டவர்களுக்கு இங்கே கிடைக்கும் ஆதரவைப் பற்றி ஒரு மாணவி பேசினால் மதிப்பெண் கூடுமாம். ஏன் அவள் என்றால், வேறு ஆள் இல்லை. முன்பு புகார் கொடுத்தவர்கள் எல்லாம் படிப்பை விட்டுப் போயிருந்தார்கள். ஆதரவு தாங்காமல் போயிருக்க வேண்டும்.

"கேஸப் பத்தி வேணாம்மா. நாங்க எப்படிக் கூட இருந்தோம்னு மட்டும் சொன்னாப் போதும்."

"சொல்றேன் மேடம்" என்றாள்.

கூட்ட அறையில் பூங்கொத்தும் தண்ணீர் பாட்டில்களும் இருந்தன. திரையில், இரண்டு கைகள் ஒரு செடியைத் தாங்கும் படம். துணைவேந்தர் ஓரத்தில் புன்னகையோடு அமர்ந்திருந்தார். குழுவுக்குத் தலைமை தாங்கிய கணிதப் பேராசிரியை கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு கேட்டார்.

"உங்களுக்கு என்ன மாதிரி ஆதரவு கிடைச்சுது?"

முந்தின நாள் டிரைவிங் ஸ்கூல் காரில் உட்கார்ந்து அக்காவிடம் சொல்லிப் பார்த்ததெல்லாம் அவளுக்கு மறந்துபோயிற்று. வாய்க்கு வந்ததைச் சொன்னாள்.

"தனியா ஒரு ரூம் குடுத்தாங்க மேடம். கீழ்த்தளத்துல. ஜெனரேட்டர் பக்கத்துல."

"யாருக்கு?"

"எனக்கு."

"அந்த ஆளுக்கு?"

"அவருக்கு மேல. ஜன்னல் பக்கம்."

நல அலுவலர் எழுந்தார். "அது ஒரு தற்காலிக ஏற்பாடு மேடம்."

"எப்பலேர்ந்து தற்காலிகம்?"

"போன செமஸ்டர்லேர்ந்து" என்றாள் அவள்.

பேராசிரியை பேனாவை மூடினார். "அந்த ரூமப் பாக்கலாமா?"

பார்வையிடும் இடங்களில் அது இல்லை. புதிதாகக் கட்டிய நீச்சல் குளம்தான் இருந்தது. ஆனாலும் எல்லோரும் இறங்கினார்கள். துணைவேந்தர் விடைத்தாள் மூட்டையைத் தாண்டும்போது கால் இடறினார், துறைத்தலைவர் தாங்கிக்கொண்டார். உடனடி ஆதரவு என்பதை அங்கே முதல்முறையாக அவள் பார்த்தாள். மைக்ராஸ்கோப்பில் ஒரு சிறகை வைத்துக் காட்டினாள். பேராசிரியை குனிந்தார். ஜெனரேட்டர் உறுமத் தொடங்கியது.

"ஒண்ணுமே தெரியலையே."

"ஆமா மேடம். எனக்கும் இப்படித்தான்."

குழுவின் அறிக்கை மென்மையான மொழியில் கடுமையாக இருந்தது. பல்கலைக்கழகம் மின்னல் வேகத்தில் செயல்பட்டது. மறுவாரமே அந்த ஸ்டோர் ரூமுக்கு வெள்ளை அடித்தார்கள்.

மெடலைப் போலீஸ் அழைத்துப்போனது அதற்குப் பிறகுதான். உடனே விசாரணைக் குழுவில் எல்லோருடைய முதுகும் நேரானது. ஒரே கூட்டத்தில் அவனை இடைநீக்கம் செய்தார்கள். "எனக்கு அவன் மேல ஆரம்பத்துலேர்ந்தே ஒரு டவுட்டு" என்றார் துறைத்தலைவர், அவன் வாங்கித்தந்த ஏசியின் கீழ் உட்கார்ந்துகொண்டு. பேராசிரியர் நடுநிலை காரணமாக இனி அவளுக்கு வழிகாட்ட இயலாது என்று கைகழுவினார். தாவரவியலில் ஒரு சிடுமூஞ்சிப் பேராசிரியை அவளைச் சேர்த்துக்கொண்டார். "எனக்குப் பூச்சி பிடிக்காது, ஆனா நீ வரையறது நல்லா இருக்கு" என்றார். கிடைத்த ஆதரவிலேயே உருப்படியானது இதுதான் என்று அக்கா சொன்னாள்.

வழக்கு நடக்கிறது. மெடல் ஜாமீனில் வெளியே இருக்கிறான். அவள் இப்போதும் கதவைத் திறந்துவைத்துத்தான் வேலை செய்கிறாள். சில நாள் கை ஒத்துழைக்கிறது, சில நாள் இல்லை.

ஒரு நாள் தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தது. பூச்சியியலில் படித்துப் பாதியில் போனவள். குரல் தயங்கித் தயங்கி வந்தது.

"எனக்கும் அவன்தான். என் பேரையும் அதுல சேத்துக்க முடியுமா?"

அக்கா காரை எடுத்தாள். பேருந்து நிலையத்தில், துப்பட்டாவை இறுக்கிப் பிடித்தபடி அந்தப் பெண் நின்றுகொண்டிருந்தாள். பின் இருக்கையில் சின்னவள் நகர்ந்து இடம் விட்டாள். யாரும் வந்தவளிடம் எதையும் கேட்கவில்லை. கொஞ்ச தூரம் போனதும் அக்கா கண்ணாடியில் பார்த்து, "சாப்ட்டியாம்மா?" என்றாள்.

"இல்லக்கா."

"சாப்ட்டுட்டே போவோம். போலீஸ் ஸ்டேஷன்ல நேரம் ஆகும்" என்று வண்டியை ஓரம் கட்டினாள்.