கடையில் அப்போது நின்றவர்கள்

1

இந்தக் கதை என் அக்காவின் கோபத்தில் பிறந்தது. அக்கா போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறாள். நான் கதை எழுதுகிறேன், அதாவது அக்கா வீட்டில் சாப்பிடுகிறேன். கடைக்குச் சீல் வைத்த அன்று அவள் என் மேசைக்கு எதிரே வந்து உட்கார்ந்தாள். "இல்லாததை எல்லாம் பக்கம் பக்கமா எழுதுறியே, நடந்ததை எழுது பார்க்கலாம்" என்றாள். நாட்கள் ஓடிவிட்டன, நாளைக் காலை வழக்கு. அதற்குள் முடித்தாக வேண்டும்.

முதல் வரி:

அதிகாரத்தின் நிழல் அந்தச் சிறிய கடையின் மீது மெல்ல…

(அக்கா எட்டிப் பார்த்தாள். "நிழலா? வெயில் மூஞ்சில அடிச்சுதுடா!")

தனிமனித உரிமை என்பது யாதெனில்…

(இதை நானே நிறுத்திவிட்டேன். எனக்கே கொட்டாவி வந்தது.)

சரி, நேராகக் கடைக்கே போவோம். நீங்களும் வாருங்கள். சார்ஜர் வாங்க வந்தவர் மாதிரி கண்ணாடிப் பெட்டி ஓரமாக நில்லுங்கள். காலடியில் ஸ்டூல் கிடக்கிறது, பார்த்து.

2

மேசை மேல் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூட டீச்சர் ஒருவரின் போன். புதுத் திரை ஒட்டி, பசை காய்வதற்காக ரப்பர் பேண்டு போட்டு வைத்திருக்கிறது. சந்தையில் ஒரு காய்கறிக்காரரைப் போலீஸ்காரர்கள் அடித்தபோது டீச்சர் அதைப் படம் எடுத்தார். அந்தத் தள்ளுமுள்ளில்தான் பழைய திரை நொறுங்கியது. அடித்தவர்கள் முகமும் இந்தப் போனில் இருக்கிறது, "அடிக்காதீங்க" என்று கத்தியவர்கள் முகமும் இருக்கிறது. இது போலீஸ் கைக்குப் போனால் படம் அழிந்துவிடும், கத்தியவர்கள் ஒவ்வொருவராக மாட்டுவார்கள்.*

* ரிப்பேர் கடைகளில் ஒரு வழக்கம் உண்டு. போனின் பூட்டு எண்ணைக் கேட்டு வாங்கி, டேப்பில் எழுதி, அதன் முதுகிலேயே ஒட்டிவிடுவார்கள். பூட்டோடு சாவியையும் கட்டி வைப்பது எவ்வளவு மடத்தனம் என்று அன்றுவரை அக்காவுக்கும் தோன்றவில்லை. டீச்சர் போனின் முதுகிலும் அந்த டேப் இருக்கிறது.

இன்ஸ்பெக்டர் உள்ளே வருகிறார். முதலில் தன் போன் திரைக்குக் காப்புக் கண்ணாடி ஒட்டச் சொல்கிறார். நீட்டுவதற்கு முன் மறக்காமல் அதைப் பூட்டுகிறார். கவனித்தீர்களா? அக்கா ஒட்டிக் கொடுக்கிறாள். அவர் ஒரு கையில் போனையும் மறு கையில் தொப்பியையும் வைத்துக்கொண்டு, "அந்த டீச்சர் போன் இங்கதானே இருக்கு? எடும்மா" என்கிறார்.

அக்கா அந்தப் போனின் மேல் உள்ளங்கையை வைத்து அழுத்துகிறாள்.

"கோர்ட் உத்தரவு இருக்கா சார்?"

"உத்தரவா? நான்தாம்மா உத்தரவு."

"அப்ப தர முடியாது சார்."

"என்ன தெனாவட்டு! கடை நடத்தணுமா வேணாமா?"

"நடத்தணும் சார். இன்னைக்கு இவங்க போனைக் குடுத்துட்டா, நாளைக்கு யாரு என்னை நம்பிக் குடுப்பாங்க?"

அவர் ஆள் கூட்டி வர வெளியே போனதும் அக்கா எல்லோரையும் வெளியே வரச் சொல்லி ஷட்டரை இழுத்துப் பூட்டினாள். தெருவில் கூட்டம் சேர்ந்துவிட்டதால் திரும்பி வந்தவருக்குப் பூட்டை உடைக்கத் துணிச்சல் இல்லை. சீல் வைத்துவிட்டுப் போனார். போன் உள்ளே இருக்கிறது, முதுகில் டேப்போடு.

3

இந்த இன்ஸ்பெக்டரோடு எனக்கு ஒரே தகராறு. அரக்கனாக எழுதினால் பொம்மையாகிவிடுகிறார். மேலிடத்து நெருக்குதல், வீட்டில் காய்ச்சலாகக் கிடக்கும் பிள்ளை என்று எழுதிப் பார்த்தேன்.

(அக்கா: "பாவம்தான். அதுக்காக அடுத்தவங்க போனைத் தூக்கிக் குடுக்கணுமா?")

அக்கா சொல்வதைத்தான் அரசியலமைப்பும் ஒரு வரியில் சொல்கிறது. சட்டம் தரும் அதிகாரம் இல்லாமல் ஒருவரின் உடைமையை அரசு பறிக்கக் கூடாது. அதிகாரி நல்லவரா கெட்டவரா என்ற கேள்விக்கே அங்கே இடமில்லை. நல்ல வரி. ஆனால் அது தானாக எழுந்து கோர்ட்டுக்கு நடந்து வராது.

ஏனென்றால், உத்தரவைக் காட்டியதாகவும், அக்கா அதைக் கிழித்தெறிந்து தன்னைத் தள்ளியதாகவும் இன்ஸ்பெக்டர் எழுதிக் கொடுத்திருக்கிறார். நீதிபதி அதை நம்பினால் அக்கா உள்ளே, போன் அவர் கையில். எங்களுக்குத் தேவை பார்த்த ஒருவர். அன்று கடைக்கு இயர்போன் வாங்க வந்திருந்த பேங்க்காரர், "நான் குனிஞ்சிருந்தேன், கவனிக்கலை" என்கிறார். எதிரே உள்ள மருந்துக்கடைக்காரர், "பிள்ளைகுட்டிக்காரன், எனக்கு எதுக்குங்க வம்பு" என்கிறார். நான் அந்த நேரம் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தேன். இருந்தாலும் நான் வருகிறேன் என்றதற்கு அக்காவுக்காக வாதாடும் வக்கீலம்மா சிரித்துவிட்டார். "பார்க்காததைச் சொல்றதுக்கு அவங்க பக்கமே ஆள் இருக்கு" என்றார்.

4

முடிவு ஒன்று: நீதிபதி கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, கணீரென்ற குரலில்…

("சினிமாவா எடுக்குற?")

முடிவு இரண்டு: அக்கா தோற்கிறாள். அழுதுகொண்டே கடைச் சாவியை…

("நிறுத்து. அழுதேன்னு வேணா எழுதிக்கோ. சாவியைக் குடுத்தேன்னு எழுதின, கையை முறிச்சிடுவேன்.")

"பயமா இல்லையாக்கா?"

"பயம் இல்லாம? பயந்துக்கிட்டே போய் நிப்பேன்."

சொல்லிவிட்டு நாளைக்குப் போட்டுக்கொள்ள வேண்டிய துணிக்கு இஸ்திரி போடப் போனாள். இப்படி ஓர் அக்கா இருக்கும்போது நான் எதற்கு ஆட்களைக் கற்பனை செய்துகொண்டிருக்கிறேன் என்று என் மேலேயே எரிச்சல் வந்தது.

5

மூன்றாவது முடிவு என்னிடம் இல்லை. உங்களிடம் இருக்கிறது.

இரண்டாம் பகுதி முழுக்கக் கண்ணாடிப் பெட்டி ஓரமாக நின்றீர்களே. இன்ஸ்பெக்டரின் இரண்டு கைகளிலும் என்ன இருந்தது என்று பார்த்தீர்கள். கண்ணாடி ஒட்டக் கொடுக்கும்முன் தன் போனை அவர் பூட்டியதைக்கூடப் பார்த்தீர்கள். சார்ஜர் வாங்க வந்தவன் என்று நழுவலாம். பேங்க்காரரும் அப்படித்தான் போனார்.

காலையில் வக்கீலம்மா எழுந்து, "கடையில் இன்னொருவரும் இருந்தார்" என்பார். அக்கா திரும்பி வாசலைப் பார்ப்பாள். சாட்சிக் கூண்டில் சொல்ல வேண்டியதை ஆரம்பித்து மட்டும் வைக்கிறேன். இந்த ஒரு வரியை நான் முடிக்கப் போவதில்லை.

"நான் அப்போது அந்தக் கடையில்தான் நின்றுகொண்டிருந்தேன். அவர் கையில்…